பழைய டேனிஷ் செற்றி தொய்கிறது: குஷனை மாற்றவா, செற்றியையே மாற்றவா?

ஹெர்னிங்_வாசி · 6 ஜனவரி 2024, 20:14

டிபிஏயில் (பழைய சாமான் விற்கிற டேனிஷ் இணையத்தளம்) பார்த்து எடுத்த மூன்றுபேர் செற்றி (சோபா). தேக்குச் சட்டம், கழற்றக்கூடிய குஷன் ஆறு, முத்திரையோ தகடோ எங்கும் இல்லை. நடுவில் ஒருவர் இருந்தால் முழங்கால் நாடிக்கு வருகிறது. 9 மில்லிமீற்றர் பிளைவூட் வெட்டி குஷனுக்குக் கீழே போட்டேன். இப்போது பஸ் நிலைய வாங்கில் இருக்கிற மாதிரி. 15 சென்ரிமீற்றர் ஃபோம் வாங்கிப் போட்டால் சரிவருமா? இல்லாவிட்டால் இதை வித்துவிட்டு கடையில் நிற்கிற புது "டேனிஷ் டிசைன்" செற்றி ஒன்றை எடுக்கலாமா? கூர்க்கால், சாம்பல் துணி, பார்வைக்கு இதே மாதிரித்தான்.

இழைப்புளி · 6 ஜனவரி, 20:51

பிளைவூட்டை முதலில் வெளியே எடுங்கோ.

இந்தச் செற்றிகளில் இருக்கை என்பது குஷன் மட்டுமில்லை. கீழே இழுத்துக் கட்டிய பட்டி பாதி வேலை செய்யும், குஷன் மீதிப் பாதி. ஆள் இருக்கும்போது பட்டி 4, 5 சென்ரிமீற்றர் கீழே போய்த் திரும்பி வரவேண்டும். பலகை போட்டால் அந்தப் பாதி செத்துப்போகும், முழுப் பாரமும் ஃபோமின் தலையில். நல்ல ஃபோமும் கெதியில் நசிந்துபோகும். குஷனுக்கு அடியால் காற்றும் போகாது. குளிர்காலத்தில் ஹீற்றருக்குத் தூரமான வெளிச்சுவரோடு கிடக்கிற செற்றி என்றால் அடித்துணியில் பூஞ்சணம் பிடிக்கும்.

கவிழ்த்துப் போட்டு இவ்வளவும் சொல்லுங்கோ: பட்டி எத்தனை, என்ன நிறம், முனை எப்படி மாட்டியிருக்கு? முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் உள்பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடுகிறதா? அந்தப் பள்ளத்தின் அடியிலிருந்து எதிர்ப்பள்ளத்தின் அடி வரை எவ்வளவு? குஷனை அமத்தினால் கம்பிச் சத்தம் வருகிறதா?

ஹெர்னிங்_வாசி · 7 ஜனவரி, 11:30

கறுப்பு றப்பர், 5 சென்ரிமீற்றர் அகலம், முனையில் இரும்புக் கிளிப். 12 பட்டி, அதில் இரண்டு அறுந்து தொங்குது. மற்றதையும் நெளித்தால் வெடிப்பு வெடிப்பாய்த் தெரியுது. பள்ளம் இருக்கு, இரண்டு பக்கமும் முழு நீளத்துக்கு. பள்ளத்துக்குப் பள்ளம் 54.5. சட்டத்தின் உள்நீளம் 176. கம்பிச் சத்தம் இல்லை. ஆனால் குஷன் சிப்பைத் திறந்தால் மண்ணிறத் தூள் கொட்டுது.

இழைப்புளி · 7 ஜனவரி, 12:18

அந்தத் தூள் பழைய லேடெக்ஸ் ஃபோம். உக்கிப்போச்சு. திறக்கும்போது மாஸ்க் போடுங்கோ, வெளியில் வைத்துத் திறவுங்கோ, வீட்டு வாக்குவம் கிளீனரால் இழுக்காதேங்கோ, பில்டர் அடைத்துப்போகும். பழைய உறையை எறியாதேங்கோ, வெட்டு அளவுக்கு அதுதான் மாதிரி.

பட்டிக் கணக்கு:

றப்பர்ப் பட்டியை (பிரெல்லி பட்டி என்று கேட்டால் தெரியும், யார் செய்ததென்றாலும் அந்தப் பெயர்தான்) ஏறக்குறைய 8 சதவீதம் இழுத்துப் பூட்டவேண்டும். 54.5 ஐ 1.08 ஆல் பிரித்தால் 50.5. கிளிப் பூட்டிய பிறகு முனைக்கு முனை அதுதான் வரவேண்டிய நீளம். முதலில் ஒரே ஒரு பட்டி செய்து மாட்டிப் பாருங்கோ. கையால் ஒரு முனையை மாட்டி, மற்ற முனையை வலித்துத்தான் பள்ளத்துக்குள் இறக்க முடியும் என்ற அளவில் இருந்தால் சரி. வலிக்காமலே விழுந்தால் 1 சென்ரிமீற்றர் குறையுங்கோ. அதைச் சரிபார்த்த பிறகுதான் மற்றதை வெட்டுகிறது.

எத்தனை பட்டி என்பது மேலே வைக்கிற குஷனைப் பொறுத்தது. ஃபோம் குஷன் என்றால் இடைவெளி பட்டியின் அகலத்தை விடக் கூடக்கூடாது, கூடினால் ஃபோம் இடைவெளிக்குள் பிதுங்கி அடியில் தழும்பு விழும். 17 பட்டி போட்டால் 85 சென்ரிமீற்றர் மூடும், மிச்சம் 91, அதை 18 இடைவெளியாகப் பிரித்தால் 5 சொச்சம். ஆக 17. வாங்க வேண்டியது 9 மீற்றர் பட்டி, 34 கிளிப்.

கிளிப்பை வைஸில் வைத்து ஒரே அமத்தாக அமத்துங்கோ. குறடால் நசித்தால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் வாய் பிளந்து நிற்கும், ஒரு வருஷத்தில் பட்டி உருவி வந்துவிடும். கிளிப்பின் பல் றப்பருக்குள் முழுக்க இறங்கவேண்டும், பட்டியின் முனை கிளிப்பின் அடிவரை போயிருக்கவேண்டும்.

இழைப்புளி · 7 ஜனவரி, 12:40

மேலே ஒன்று விட்டுப்போச்சு. முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கா? 12 பட்டிக்குச் செய்த சட்டத்தில் 17 பட்டி பூட்டினால் இழுவை கூடும், முன்சட்டம் உள்ளே வளையும். குறுக்குச் சட்டம் இல்லையென்றால் 8 வேண்டாம், 6 சதவீதத்தில் நில்லுங்கோ (51.4).

அம்பத்தூர்_பட்டறை · 7 ஜனவரி, 19:05

சார், இங்க எங்களுக்கு இந்தக் கிளிப் பட்டி கிடைக்காது. எலாஸ்டிக் பெல்ட்தான், ஸ்டேப்ளர் பின் அடிக்கிறோம். அதுக்கு 8 சதவீதம்னு இழுத்தா ஆள் உட்கார்ந்த உடனே தொட்டில் மாதிரி ஆயிடும். நெய்த எலாஸ்டிக் பெல்ட் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீட்சி. 15, 20 சதவீதம்கூட இழுக்க வேண்டி வரும். படிக்கிறவங்க குழப்பிக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

பின் அடிக்கிற முறை: முனையை நேரா வச்சு அஞ்சு பின், பிறகு 3 சென்டிமீட்டர் மடிச்சு மேல நாலு பின், ஒரே வரிசையில இல்லாம மேலும் கீழுமா. ஒரே கோட்டுல அடிச்சா மரம் அந்தக் கோட்டுல பிளக்கும். மடிக்காம அடிச்சா பின் துணியைக் கிழிச்சுக்கிட்டு வந்துடும்.

இழைப்புளி · 7 ஜனவரி, 20:22

சரியாய்ச் சொன்னீங்கள். நான் சொன்ன கணக்கு றப்பர்ப் பட்டிக்கு மட்டும். பள்ளம் வெட்டிய சட்டத்தில் ஸ்டேப்பிள் அடிக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. பள்ளத்தின் மேல் உதடு மெல்லிசு, அதில் பின் ஏறினால் பிளந்துவிடும்.

உதடு ஏற்கெனவே பிளந்திருந்தால் திருகாணி போடுகிற வேலை வேண்டாம். பிளவுக்குள் ஒரு பழைய பிளேட்டால் பசை இறக்கி, பள்ளத்துக்குள் மெழுகுதாள் சுற்றிய மெல்லிய மரக்கீற்று ஒன்றைச் செருகி (பசை பள்ளத்தை அடைக்காமல் இருக்க), கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கோ.

கிழக்குலண்டன் · 8 ஜனவரி, 09:47

இங்கே பழைய டேனிஷ் கதிரை விற்கிற கடைகளில் குஷன் இல்லாமல் வெறும் சட்டமாகவே கன இடத்தில் வைத்திருப்பார்கள். கஞ்சத்தனம் இல்லை. 1988ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்பு விதி. 1950க்கு முன் செய்த தளபாடத்துக்கு விலக்கு உண்டு, பிறகு வந்ததைக் கடைக்காரர் விற்பதென்றால் ஃபோமும் துணியும் விதிக்கு ஒத்துவரவேண்டும். 50களின் குஷன் ஒத்துவராது. டென்மார்க்கில் குஷனோடு வாங்கி இங்கே கொண்டுவந்து விற்க நினைப்பவர்கள் புதுக் குஷனுக்கான செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவும்.

ஹெர்னிங்_வாசி · 8 ஜனவரி, 21:15

குறுக்குச் சட்டம் இருக்கு, நடுவில் ஒன்று. 17 பட்டிக்குச் சொல்லிவிட்டேன். இப்ப ஃபோம். கடைக்காரர் "ஹாட்" (கடினமான ஃபோம்) எடு, நல்லாய் நிற்கும் என்கிறார். 15 சென்ரிமீற்றர் என்றதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

இழைப்புளி · 8 ஜனவரி, 22:03

15 வேண்டாம். உக்காத மூலையில் பழைய குஷனின் பக்கப்பட்டியை அளந்து பாருங்கோ, 10 அல்லது 11 தான் வரும். பட்டி உயிரோடு இருந்தால் அது போதும்.

இந்தச் செற்றிகளின் இருக்கை பின்பக்கம் சரிந்தது. முன் ஓரம் 40, 42 சென்ரிமீற்றர் உயரமென்றால் பின் ஓரம் அதைவிட 7, 8 குறைவு. முதுகும் இருக்கையும் சேருகிற கோணம் 105 பாகையைத் தாண்டும். இந்தச் சரிவுதான் ஆளை முதுகோடு சேர்த்துப் பிடிக்கிறது. 15 சென்ரிமீற்றர் வைத்தால் இருக்கை 4, 5 உயரும், கைப்பிடி பதிந்துபோகும், முழங்கை தொங்கும், முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்பு தோளுக்குப் பதில் முதுகு நடுவில் குத்தும்.

அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி (ஒரு கன மீற்றருக்கு எத்தனை கிலோ) ஃபோம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதைச் சொல்லும். கடினம் அமத்தும்போது எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும். அடர்த்தி கூடிய மெத்தென்ற ஃபோம் உண்டு. அடர்த்தி குறைந்து கல்லாய்க் கிடக்கிற ஃபோமும் உண்டு, அதுதான் ஆறு மாதத்தில் குழி விழுகிறது. கோல்ட்ஸ்கும் (நன்றாய்த் துள்ளித் திரும்புகிற ஃபோமுக்கு டேனிஷ் பெயர்) என்று கேளுங்கோ, அடர்த்தி 40க்குக் குறையாமல், கடினம் நடுத்தரம். "ஹாட்" பலகை மேல் வைக்கிற வாங்குக் குஷனுக்குச் சரி. பட்டிமேல் வைத்தால் ஃபோம் வளையாமல் தட்டையாய் நிற்கும், பட்டியின் வேலை வீண்.

முதுகுக் குஷனுக்கு அடர்த்தி 30 போதும், கடினம் ஒரு படி குறைவாக.

லேடெக்ஸும் நல்லது, விலை கூட. வெயில் படாமல் துணிக்குள் இருந்தால் கன காலம் நிற்கும்.

அம்பத்தூர்_பட்டறை · 8 ஜனவரி, 23:10

"40 டென்சிட்டி போடுங்க, ஹார்டா இருக்கணும்"னு தினம் ஒரு கஸ்டமர் வந்து நிக்கிறார். இந்தப் பதிலை பிரிண்ட் எடுத்து பட்டறைச் சுவத்துல ஒட்டப் போறேன்.

இழைப்புளி · 9 ஜனவரி, 07:20

ஃபோம் வெட்டும் அளவு: உறையின் தைத்த அளவைவிட அகலத்திலும் ஆழத்திலும் 1 முதல் 1.5 சென்ரிமீற்றர் கூட. உறை 58க்கு 60 என்றால் ஃபோம் 59க்கு 61. சரியாய் அதே அளவில் வெட்டினால் மூலைகள் காலியாய்ச் சுருங்கி நிற்கும். மேலும் கீழும் பாலியஸ்டர் பஞ்சுத்தாளை (சதுர மீற்றருக்கு 200 கிராம்) ஒரே சுற்றாகச் சுற்றி, பக்கத்தில் நூலால் பெரிய தையல் போட்டு விடுங்கோ. அதற்கு மேல் மெல்லிய பின்னல் துணி உறை இருந்தால் வெளி உறைக்குள் வழுக்கி இறங்கும். இல்லாவிட்டால் பஞ்சு மூலையில் உருண்டு முடிச்சாய்ப் போகும். நடுவில் கொஞ்சம் மேடு வேண்டுமென்றால் 10க்குப் பதில் 9 சென்ரிமீற்றர் ஃபோம் எடுத்து, அதன்மேல் நடுவில் ஓரத்திலிருந்து 8 சென்ரிமீற்றர் விட்டு 2 சென்ரிமீற்றர்த் துண்டு ஒன்றை ஒட்டுங்கோ. மேடில்லாத புதுக் குஷன் ஒரு வருஷத்தில் குழிக்குஷனாய்த் தெரியும்.

ஸ்கார்பரோ_அண்ணன் · 9 ஜனவரி, 16:33

டென்மார்க்கில் இருக்கிற தங்கச்சி ஒரு கதிரை தருகிறாள், பலிசாந்தர் மரம். குஷனுக்குள் ஸ்பிறிங். கனடாவுக்கு எடுக்கலாமோ? ஸ்பிறிங்கை எடுத்து எறிந்துவிட்டு ஃபோம் போடவோ?

இழைப்புளி · 9 ஜனவரி, 18:02

இரண்டுக்கும் "பொறுங்கோ".

பலிசாந்தர் பிரேசில் ரோஸ்வூட் என்றால் அது 1992 முதல் சைட்டீஸ் (அழிந்துவருகிற உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) முதற்பட்டியலில் இருக்கிறது. பழைய கதிரை என்றாலும் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும், ஐரோப்பாவுக்குள் விற்கவே சான்றிதழ் வேண்டும். பத்திரம் இல்லாமல் கொண்டெயினரில் ஏற்றினால் சுங்கத்தில் பறிபோகும். தேக்குக்கும் ஓக்குக்கும் இந்தத் தலையிடி இல்லை. மரம் எதுவென்று தெரிந்தவரிடம் காட்டி உறுதிப்படுத்திவிட்டு யோசியுங்கோ.

ஸ்பிறிங்கை எறியாதேங்கோ. கெற்றாமா என்ற டேனிஷ் கொம்பனி இந்த வேலையில்தான் பேர் வாங்கியது. 1899இல் லிம்ஃபியோர்டுக் கடற்புல் அடைத்த மெத்தை செய்யத் தொடங்கிய இடம், பிறகு ஸ்பிறிங் மெத்தை, அங்கிருந்து டேனிஷ் வடிவமைப்பாளர் வெக்னரின் கதிரைகளுக்கு ஸ்பிறிங் குஷன். பிரான்ஸ் அண்ட் சொன்னும் மெத்தைத் தொழிலிலிருந்து வந்த கொம்பனிதான். அந்தக் கம்பிக்கூடு பெரும்பாலும் பழுதாவதில்லை. அதைச் சுற்றிய பஞ்சும் சாக்கும்தான் உக்குகிறது.

உறையைக் கழற்றி, கம்பிகளைச் சேர்க்கிற சுருள் எங்காவது விட்டிருந்தால் மெழுகு பூசிய கயிற்றால் கட்டுங்கோ. வெளியே நீட்டிய கம்பி முனையை உள்ளே வளையுங்கோ. கூட்டின் இரு பக்கமும் புதுச் சாக்குத்துணி, அதன்மேல் 1 சென்ரிமீற்றர் அழுத்திய பஞ்சுப்பாய், அதன்மேல் 2 சென்ரிமீற்றர் ஃபோம், பஞ்சுத்தாள். பஞ்சுப்பாயை விட்டுவிட்டு நேராக ஃபோம் வைத்தால் கம்பி ஃபோமை மாதக்கணக்கில் அரைத்துத் தூளாக்கும்.

ஸ்பிறிங் குஷனை ஃபோமாக மாற்றினால் அதே தடிப்பிலும் இருக்கை தாழும், ஃபோம் அதைவிடக் கூட அமரும். கதிரையின் உயரக்கணக்கு அந்த ஸ்பிறிங்குக்குப் போட்டது.

வேறொரு_வாசகி · 9 ஜனவரி, 22:48

முதற் கேள்வியின் மற்றப் பாதியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கடைச் செற்றி?

இழைப்புளி · 10 ஜனவரி, 06:55

மறக்கவில்லை, கோபம் ஆறட்டும் என்று விட்டேன்.

கூர்க்கால் போட்டதெல்லாம் டேனிஷ் இல்லை. டேனிஷ் வடிவமைப்பாளர்களின் வேலை தொடங்கியது கோர கிளிண்ட்டிடம். 1924இல் கோப்பன்ஹேகன் கலைக்கழகத்தில் தளபாடத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கி, ஆளை அளந்து, பொருளை அளந்து, பிறகு வரை என்று படிப்பித்தார். அந்த வழியில் வந்த போர்ய மொகென்சன் 1942 முதல் 1950 வரை கூட்டுறவுச் சங்கத்தின் எஃப்டிபி தளபாடப் பிரிவை நடத்தினார், சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய கதிரை வேண்டும் என்று. ஃபின் யூல் அந்தப் பள்ளிக்காரர் இல்லை, கட்டடக் கலைஞர். 1945இல் அவர் வரைந்த கதிரையைப் பாருங்கோ: தாங்குகிற மரமும் தாங்கப்படுகிற இருக்கையும் தொடாமல் விலகி நிற்கும். இதையெல்லாம் 1927 முதல் 1966 வரை வருஷந்தோறும் தச்சர் சங்கக் கண்காட்சியில் வைத்தார்கள். வடிவமைப்பாளர் ஒருவர், தச்சுப்பட்டறை ஒன்று, சோடியாக. அழகெல்லாம் மூட்டும் கோணமும் சரியாய் வந்த பிறகு வந்தது.

கடையில் பார்க்க வேண்டியவை. ஆளுக்கு வெட்கம் இல்லையென்றால் செற்றியைக் கவிழ்த்துப் பாருங்கோ.

அடித்துணியை (கறுப்பு மெல்லிசுத் துணி) ஒரு ஓரத்தில் விலக்க விடுவார்களா? விடாவிட்டால் கையால் தடவுங்கோ. குறுக்கும் நெடுக்குமாகப் பட்டியா, ஜிக்ஜாக் ஸ்பிறிங்கா? ஜிக்ஜாக் குறைவான சாமான் இல்லை. நல்ல கம்பி, 10, 12 சென்ரிமீற்றருக்கு ஒன்று, ஒன்றோடொன்று கட்டியது என்றால் பட்டியைவிட நீடிக்கும். மூன்றுபேர் இருக்கைக்கு எட்டே எட்டு ஸ்பிறிங் என்றால் வாங்காதேங்கோ.

கால் எதில் பூட்டியிருக்கு? துகள்பலகையில் நாலு குட்டித் திருகாணித் தகடு என்றால் செற்றியை இழுக்கிற முதல் நாளே ஆடத் தொடங்கும். பழையதில் கால் சட்டத்தின் உறுப்பு, கழுந்தும் (மர நாக்கு) துளையுமாக.

குஷன் உறைக்குச் சிப் உண்டா, உறை கழற்ற வருமா? சட்டத்தோடு ஒட்டிய குஷன் என்றால் ஃபோம் போகிற நாளில் செற்றியும் போகும். உங்கள் செற்றி 60 வயதிலும் திருத்துகிற நிலையில் கிடப்பது குஷன் கழற்றக்கூடியதாய் இருந்ததால்தான்.

இருக்கை ஆழம்: முதுகுக் குஷன் வைத்த பிறகு 50 முதல் 55 வரை நல்லது. இப்ப வருகிற கன செற்றிகளில் 60ஐத் தாண்டும், இருக்கையும் மட்டம். நம் ஆட்களின் உயரத்துக்கு அதில் முதுகைச் சேர்த்தால் கால் தொங்கும், காலை ஊன்றினால் முதுகு அந்தரத்தில். பிறகு தலையணை வாங்கி இடைவெளியை நிரப்புகிறது.

புதிதாகத்தான் வேண்டுமென்றால் அந்தக் காலத்து வரைபடத்தில் இன்றும் செய்கிறவர்களின் பொருளைப் பாருங்கோ. மொகென்சன் 1962இல் வரைந்த 2213 செற்றியை ஃப்ரெதெரிசியா இன்றும் செய்கிறது, வெக்னரின் 1951ஆம் ஆண்டுக் "கரடிக் கதிரை"யை பிபி மொப்லர். விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உங்கள் பழைய செற்றிக்குப் பட்டி மாட்டுவீங்கள்.

கிழக்குலண்டன் · 10 ஜனவரி, 10:12

மொகென்சனின் 1945ஆம் ஆண்டு மரக்கம்பிமுதுகுச் செற்றியை விட்டுவிட்டீர்களே. ஒரு பக்கத்துக் கை தோல்வாரில் இறங்கும். வரைந்து 18 வருஷம் கழித்து 1963இல்தான் உற்பத்திக்கு வந்தது. ஆக, "அந்தக் காலத்தில் எல்லோரும் புரிந்து வாங்கினார்கள்" என்பதும் கதைதான்.

இழைப்புளி · 10 ஜனவரி, 12:30

அப்படி நான் சொல்லவில்லை, ஆனால் சொல்ல வந்திருப்பேன். சரி.

ஹெர்னிங்_வாசி · 14 ஜனவரி, 17:40

பட்டி பூட்டியாச்சு. பிளைவூட் கராஜில். இரண்டு கேள்வி. பின்காலும் கைப்பிடியும் சேருகிற மூட்டு ஆடுது, L தகடு போடவா? துணி எத்தனை மீற்றர்?

இழைப்புளி · 14 ஜனவரி, 19:26

L தகடு போட்டால் இந்தச் செற்றியைப் பிறகு திருத்தவருகிறவர் உங்களைத் திட்டுவார். தகடு மூட்டைப் பிடிக்காது, திருகாணி ஏறிய இடத்தில் மரத்தைப் பிளக்கும்.

மூட்டை முழுக்கக் கழற்றுங்கோ, றப்பர்ச் சுத்தியலால், மரத்துண்டு வைத்து. உள்ளே மஞ்சள் மண்ணிறமாய்க் கண்ணாடிபோல் நொறுங்கும் பசை இருந்தால் அது வஜ்ஜிரம். வெந்நீர்த் துணியால் துடைத்தாலே இளகும். அதன்மேல் வஜ்ஜிரமே திரும்பப் பூசலாம், பழையதோடு ஒன்றாகும். வெள்ளைப் பசை (பிவிஏ) பூசுவதென்றால் மரம் தெரியும்வரை சுரண்டவேண்டும், ஏனென்றால் அது பழைய பசைமேல் ஒட்டாது. தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுமுன் கழுந்தை அசிற்றோன் துணியால் துடைத்து, காய்ந்த உடனே ஒட்டுங்கோ. கிளாம்ப் போட்டதும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளவுங்கோ. சமமாய் இல்லையென்றால் செற்றி கோணலாய்க் காயும், பிறகு நாலாவது கால் நிலத்தில் படாது.

துணி, 140 அகலம் என்று வைத்து:

இருக்கைக் குஷன் 58க்கு 60, தடிப்பு 10. தையலுக்குச் சுற்றிவர 1 விட்டால் துண்டு 60க்கு 62. அகலத்தில் இரண்டு துண்டு போகும். மேலும் கீழும் என மூன்று குஷனுக்கு ஆறு துண்டு, மூன்று வரிசை, 186 சென்ரிமீற்றர். பக்கப்பட்டி 12 அகலம், ஒரு குஷனைச் சுற்றிவர 236, ஆக 140 நீளத்தில் இரண்டு பட்டி, 24. மூன்றுக்கு 72. கூட்டினால் 258.

முதுகுக் குஷன் உயரம் 45 என்றால் மூன்று வரிசை 47, 141. பக்கப்பட்டி அதே 72. 213.

இரண்டும் 4.71 மீற்றர். துண்டு இரண்டு போனபிறகு ஓரத்தில் 20 சென்ரிமீற்றர் மிஞ்சும், சிப் வைக்கிற பின்பட்டியை அதில் வெட்டுங்கோ, பின்னால் இருப்பதால் இழை திசை மாறினாலும் தெரியாது. பைப்பிங் வேண்டுமென்றால் குறுக்கே சாய்த்து வெட்டவேண்டும், 70 சென்ரிமீற்றர் கூட. நேர் இழையில் வெட்டிய பைப்பிங் மூலையில் மடியாமல் சுருக்கம் விழும். ஆக 5.4, வாங்குகிறது 6. கோடு போட்ட துணி என்றால் இந்தக் கணக்கு செல்லாது, பொருத்தம் பார்க்கவே ஒரு மீற்றர் போகும்.

வேறொரு_வாசகி · 14 ஜனவரி, 20:05

எந்தத் துணி என்று சொல்லாமல் மீற்றரை மட்டும் சொன்னால்?

இழைப்புளி · 14 ஜனவரி, 21:11

கம்பளி கலந்தது. நானா டிட்செல் 1965இல் வரைந்த ஹாலிங்டால் இன்னும் வருகிறது: 70 சதவீதம் கம்பளி, 30 விஸ்கோஸ், மார்ட்டின்டேல் தேய்ப்புச் சோதனையில் 100,000 தேய்ப்பு. வீட்டுப் பாவனைக்கு 25,000 இருந்தாலே தாராளம், ஆகவே அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். உருண்டை பிடிக்கிறதா என்ற மதிப்பெண்ணையும் கேளுங்கோ, 5க்கு 4க்குக் கீழே என்றால் ஒரு குளிர்காலத்தில் மேற்பரப்பு முழுக்கக் குறுணி. கம்பளிக்கு அந்துப்பூச்சி ஒரு தொல்லை. குஷனை மாதம் ஒருக்கா திருப்பி, சட்டத்துக்கும் குஷனுக்கும் இடையில் தூசி எடுத்தால் அது குடியிருக்க மாட்டாது.

அம்பத்தூர்_பட்டறை · 15 ஜனவரி, 08:30

எங்க ஊர்ல கம்பளி வேண்டாம் சார், வேர்வை. கெட்டி நெசவு காட்டன், இல்லாட்டி காட்டன் பாலியஸ்டர் கலப்பு. முக்கியமா பியூ ரெக்ஸின் வேண்டாம். ஈரக் காத்துல அதோட மேல்பூச்சு இளகி மூணு நாலு வருஷத்துல செதில் செதிலா உதிரும், மேல கிரீம் பூசி நிறுத்த முடியாது. ரெக்ஸின்தான் வேணும்னா பிவிசி, அதுவும் ஜன்னல் வெயில் படாத இடத்துல. ரப்பர் பட்டையும் கடற்கரைப் பக்கம் சீக்கிரம் வெடிக்கும், அதனாலதான் நாங்க நெய்த பெல்ட்டுக்குப் போனோம்.

ஹெர்னிங்_வாசி · 21 ஜனவரி, 18:22

மூட்டு ஒட்டியாச்சு, மூலைவிட்டம் இரண்டும் சமம். முன்சட்டத்தில் நூல் பிடித்துப் பார்த்தேன், நடுவில் 2 மில்லிமீற்றர் உள்ளே வளைஞ்சிருக்கு. பட்டியைக் கழற்றவா? மரத்தில் பழைய கோப்பை வளையம் ஒன்றும் கிடக்கு.

இழைப்புளி · 21 ஜனவரி, 20:40

இரண்டு மில்லிமீற்றர் ஒன்றுமில்லை. றப்பர் முதல் சில வாரத்தில் கொஞ்சம் தளரும், சட்டமும் திரும்பும். 5ஐத் தாண்டினால் மட்டும் ஒன்றுவிட்டு ஒரு பட்டியை 1 சென்ரிமீற்றர் நீளமானதாய் மாற்றுங்கோ.

வளையம் கைப்பிடியிலா? கைப்பிடி முழு மரம் என்றால் 180, பிறகு 240 சாண்ட்பேப்பர், இழையோடு மட்டும். வெனியர் ஒட்டிய இடமென்றால் தொடாதேங்கோ, அது ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, இரண்டு தேய்ப்பில் கீழ்மரம் தெரியும். பிறகு தேக்கு எண்ணெய் மெல்லிசாய், 15 நிமிஷம் விட்டு உலர்ந்த துணியால் முழுக்கத் துடையுங்கோ. துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசுபிசுவென்று காயும், புதுத்துணியில் கறை பிடிக்கும். அதனால் எண்ணெய் போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் குஷன் வைக்கிறது. துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்குள் போடாதேங்கோ, அந்த எண்ணெய்த் துணி தானாய்ச் சூடேறிப் பற்றும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிட்டு எறியுங்கோ.

ஹெர்னிங்_வாசி · 21 ஜனவரி, 20:58

எண்ணெய் துடைத்த துணி ஏற்கெனவே கராஜில் பிளைவூட்டுக்கு மேல் கசங்கிக் கிடக்கு. போறன்.